கெடு தவறாமல் மின்சாரம் மிச்சம்: பல கோர் நிகழ்நேரக் கருவிகளில் பணிகளைப் பங்கிடும் முழு வழிகாட்டி

காட்டோரம் ஒரு கம்பத்தில் மாட்டிய பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கேமரா, மைக், இரண்டு கோர் (தனித்தனியாக நிரலை ஓட்டும் பகுதி) கொண்ட ஒரு செயலி, ஒரு பேட்டரி. மேலே சிறிய சோலார் பேனல். யானை தெரிந்தால் குறித்த நேரத்துக்குள் தகவல் போய்ச் சேர வேண்டும். அடைமழையில் மூன்று நாள் வெயிலே இல்லாவிட்டாலும் பெட்டி அணையக் கூடாது.

செயலியை முழு வேகத்தில் ஓட்டினால் தகவல் நேரத்துக்குப் போகும், பேட்டரி சீக்கிரம் தீரும். மெதுவாக ஓட்டினால் பேட்டரி தாங்கும், கெடு தவறலாம். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். "மெதுவாக ஓட்டினால் மிச்சம்" என்று பலரும் சொல்வது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, எந்தப் பணியை எந்தக் கோரில் வைக்கிறோம், செயலி பொருத்திய போர்டின் இயல்பு என்ன என்பதில் இருக்கிறது. அதைத்தான் இந்த ஒரே பெட்டியை வைத்துப் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். இதில் வரும் எண்கள் கணக்கு எளிதாக வருவதற்காக நான் வைத்தவை. உங்கள் போர்டுக்கு நீங்களே அளந்துதான் ஆக வேண்டும்.

படி 1: பணிகளை எழுதுங்கள், நேரத்தை அளங்கள்

ஒவ்வொரு பணிக்கும் இரண்டு எண்கள் வேண்டும். எத்தனை மில்லிவினாடிக்கு ஒருமுறை அது வருகிறது என்பது ஒன்று. முழு வேகத்தில் ஓடும்போது அதிகபட்சம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது மற்றொன்று. அடுத்த முறை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்பதே கெடு. நம் பெட்டிக்கு:

சென்சார் வாசிப்பு: 10க்கு ஒருமுறை, ஓட்டம் 1
கேமரா படத்தைத் தயார் செய்தல்: 20க்கு ஒருமுறை, ஓட்டம் 6
ஒலி அலசல்: 40க்கு ஒருமுறை, ஓட்டம் 8
யானை உருவம் தேடல்: 100க்கு ஒருமுறை, ஓட்டம் 50
ரேடியோவில் அனுப்புதல்: 200க்கு ஒருமுறை, ஓட்டம் 20
பதிவு எழுதுதல்: 400க்கு ஒருமுறை, ஓட்டம் 40

எல்லாம் மில்லிவினாடியில். பார்க்க எளிதாகத் தெரிந்தாலும், அதிகம் தப்பு நடப்பது இந்தப் படியில்தான். உருவம் தேடும் நிரலை மட்டும் தனியாக ஓட்டி 50 என்று குறித்துக்கொண்டால் அந்த எண்ணை நம்ப முடியாது. பக்கத்துக் கோரில் கேமரா படங்கள் நினைவகத்துக்குள் கொட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டு கோர்களும் ஒரே நினைவகப் பாதைக்காகவும் ஒரே பொதுக் கேஷுக்காகவும் (செயலிக்குப் பக்கத்தில் உள்ள சிறிய வேக நினைவகம்) போட்டி போடும். தனியாக 50 எடுத்தது அப்போது 60, 70 கூட எடுக்கலாம். அதனால் அளக்கும்போது மற்ற கோர்களில் வேண்டுமென்றே நினைவகத்தைப் போட்டுப் புரட்டும் நிரல் ஒன்றை ஓடவிட்டு அளங்கள். ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, வந்ததிலேயே பெரிய எண்ணை எடுத்து, அதற்கு மேலும் கொஞ்சம் இடம் விடுங்கள். சராசரிக்கு இங்கே எந்த வேலையும் இல்லை.

பதிவு எழுதும் பணி பற்றி ஒரு வார்த்தை. நினைவு அட்டையில் நேரடியாக எழுதினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அட்டை தன் உள்வேலையைப் பார்த்துக்கொண்டு நம்மைக் காக்க வைக்கும். ஆகவே நிகழ்நேரப் பணி, அதாவது கெடுவுக்குள் முடிந்தாக வேண்டிய பணி, நினைவகத்தில் தகவலைச் சேர்த்துச் சுருக்கி வைப்பதோடு நிற்கட்டும். அட்டைக்குக் கொண்டுபோவதைக் கெடு இல்லாத இன்னொரு சாதாரணப் பணி செய்யட்டும்.

படி 2: சுமையைக் கூட்டுங்கள்

ஓட்ட நேரத்தைச் சுற்று நேரத்தால் (எத்தனை மில்லிவினாடிக்கு ஒருமுறை வருகிறதோ அது) வகுத்தால் அந்தப் பணியின் சுமை கிடைக்கும். சென்சார் 0.1, கேமரா 0.3, ஒலி 0.2, உருவம் தேடல் 0.5, ரேடியோ 0.1, பதிவு 0.1. மொத்தம் 1.3. ஒரு கோர் 1.0 வரைதான் தாங்கும் என்பதால் இரண்டு கோர்கள் கட்டாயம் வேண்டும்.

ஒரு கோருக்குள் எந்தப் பணி முதலில் ஓட வேண்டும் என்பதற்கு இரண்டு பழைய, உறுதியான விதிகள் இருக்கின்றன. இரண்டையும் லியூ, லேலண்ட் என்ற ஆய்வாளர்கள் 1973-இல் கணக்காக நிறுவினார்கள். யாருடைய கெடு முந்தி வருகிறதோ அவருக்கே முதலிடம் என்பது ஒரு விதி. அதில் சுமை 1.0 வரை போனாலும் கெடு தவறாது. அடிக்கடி வரும் பணிக்கு நிரந்தரமாக உயர்ந்த முன்னுரிமை என்பது இன்னொன்று, அதுதான் ரேட் மோனோடோனிக். அதில் மூன்று பணிகள் இருந்தால் 0.78 வரையும், பணிகள் கூடக்கூட 0.693 வரையும்தான் பொதுவான உத்தரவாதம்.

மின்சாரக் கணக்கில் இது நேரடியாக உதைக்கும். உத்தரவாத எல்லை குறைந்தால், அதே சுமைக்கு வேகத்தைக் கூட்டி வைக்க வேண்டிவரும். ஆனால் ஒரு நல்ல வழி உண்டு. சுற்று நேரங்கள் ஒன்றுக்கொன்று மடங்காக இருந்தால் ரேட் மோனோடோனிக்கும் 1.0 வரை தாங்கும். கருவியை வடிவமைக்கும் கட்டத்திலேயே 30, 70, 110 என்று போடாமல் 20, 40, 200 என்று போட்டுவிட்டால் செலவில்லாமல் இந்த லாபம் கிடைத்துவிடும்.

படி 3: உங்கள் போர்டுக்கு எந்த வேகம் மலிவு என்று கண்டுபிடியுங்கள்

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். வேகத்தை இரட்டிப்பாக்க, காலுக்கு இரண்டு மடங்கை விட மிக அதிகமாக உழைப்பு வேண்டும். செயலியும் அப்படித்தான். அதன் இயங்கு மின்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் வருவதோடு ஒத்துப்போகிறது. அதிர்வெண்ணைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம். ஆகவே மொத்தத்தில் வேகத்தின் மூன்றாம் படிக்குப் பக்கத்தில் வரும். வேகத்தைப் பாதியாக்கினால் மின்திறன் எட்டில் ஒன்றாகும், வேலை முடிய இரண்டு மடங்கு நேரமாகும், ஆற்றல் நான்கில் ஒன்றாகும். 1994-இல் ஜெராக்ஸ் பார்க்கில் மார்க் வைசரும் கூட்டாளிகளும் இந்த எண்ணத்தில்தான் பணி ஒழுங்கையும் செயலி வேகத்தையும் ஒன்றாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இது முழு உண்மையாக இருந்தால் எப்போதும் அடிமட்ட வேகமே நல்லது. ஆனால் செயலி எந்த வேகத்தில் ஓடினாலும் விழித்திருக்கும்வரை கசிவு மின்சாரம் ஒன்று போய்க்கொண்டே இருக்கும். கடை வாடகை மாதிரி. வியாபாரத்தை மெதுவாகச் செய்தால் அதே சரக்கை விற்க அதிக நாள் வாடகை கட்ட வேண்டும்.

எண்ணோடு பார்ப்போம். முழு வேகத்தில் ஒரு கோரின் இயங்கு மின்திறனை 1 என்று வையுங்கள், கசிவு 0.128. வேகம் 1.0-இல் ஓட்டினால் ஓர் அளவு வேலைக்கு ஆகும் ஆற்றல் 1.128. வேகம் 0.4-இல் 0.48. சரி, இன்னும் குறைத்து 0.2-க்கு வந்தால்? 0.68. ஏறிவிட்டது. 0.4-க்குக் கீழே போகப் போக நஷ்டம்தான். கசிவை இயங்கு மின்திறனின் இரண்டு மடங்கால் வகுத்து, அதன் கனமூலம் எடுத்தால் இந்த மலிவு வேகம் கிடைக்கும். இங்கே 0.064-இன் கனமூலம், சரியாக 0.4.

சூத்திரத்தை நம்புவதை விட அளப்பது நல்லது. போர்டுக்கு மின்சாரம் போகும் வழியில் ஐஎன்ஏ219 போன்ற ஒரு சிறிய அளவியைப் போடுங்கள். ஒரே வேலையை, போர்டு தரும் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஓட்டி, எத்தனை ஜூல் ஆனது என்று குறியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காலத்துக்கு அளக்க வேண்டும். வேகமாக முடித்துவிட்டால் மிச்ச நேரம் சும்மா இருந்த செலவும் அதில் சேர வேண்டும். அரை நாள் வேலைதான். ஆனால் இந்த ஒரு அட்டவணை கையில் இல்லாமல் மீதிப் படிகளில் எதைச் செய்தாலும் ஊகம்தான்.

படி 4: பணிகளைக் கோர்களுக்குப் பங்கிடுங்கள்

எல்லாப் பணிகளையும் பொதுவரிசையில் நிறுத்தி, எந்தக் கோர் காலியோ அங்கே ஓடட்டும் என்று விடலாம். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருப்பதை 1978-இலேயே தால், லியூ என்ற ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். இரண்டு கோர்கள். 10க்கு ஒருமுறை 1 எடுக்கும் சிறு பணிகள் இரண்டு, 11க்கு ஒருமுறை 10.5 எடுக்கும் பெரிய பணி ஒன்று. மூன்றும் ஒன்றாக வந்தால், கெடு முந்திய சிறு பணிகள் இரண்டு கோரையும் பிடித்துக்கொள்ளும். பெரியது 1-இல் தொடங்கி 11.5-இல்தான் முடியும். கெடு போச்சு. இரண்டு கோர்களுக்கு மொத்தச் சுமை ஏறத்தாழ 1.15தான். சிறியவை இரண்டையும் ஒரு கோரில் வைத்துப் பெரியதைத் தனியாக விட்டிருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. கோர் எண்ணிக்கை குறைவாக இருக்கும் கருவிகளில் பணிகளை நிரந்தரமாகப் பங்கிட்டு வைப்பதையே நான் சொல்வேன். சோதிப்பதும் எளிது.

எப்படிப் பங்கிடுவது? மிகச் சிறந்த பங்கீட்டைக் கண்டுபிடிப்பது கணினி அறிவியலில் கடினமான வகைக் கணக்கு. நல்லவேளையாக, மிக எளிய வழி ஒன்றே நன்றாக வேலை செய்கிறது. பணிகளைச் சுமைப்படி பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் அந்த நேரத்தில் எந்தக் கோரில் சுமை குறைவோ அங்கே போடுங்கள். மின்சாரத்துக்கு இந்தச் சமப் பங்கீடே உகந்தது என்று அய்தின், யாங் என்ற ஆய்வாளர்கள் 2003-இல் விளக்கினார்கள்.

நம் பெட்டிக்குப் போட்டுப் பார்ப்போம். 0.5 முதல் கோருக்கு. 0.3 இரண்டாவதுக்கு. 0.2-உம் இரண்டாவதுக்கே, இப்போது இரண்டும் 0.5. சென்சார் முதல் கோருக்கு, ரேடியோ இரண்டாவதுக்கு, பதிவு மறுபடி முதல் கோருக்கு. முடிவு 0.7, 0.6. சுற்று நேரங்களையும் பாருங்கள். முதல் கோரில் 10, 100, 400. இரண்டாவதில் 20, 40, 200. இரண்டிலும் மடங்குகள். ரேட் மோனோடோனிக் கூட இங்கே 1.0 வரை தாங்கும்.

வேறு விதமாக, முதல் கோர் நிரம்பிய பிறகே அடுத்த கோருக்குப் போவது என்று வைத்திருந்தால் 0.5, 0.3, 0.2 சேர்ந்து முதல் கோர் 1.0, இரண்டாவது 0.3. முந்திய கெடு முதலில் என்ற விதியில் இரண்டு பங்கீட்டிலும் கெடு தவறாது. கசிவை விட்டு, மின்திறன் வேகத்தின் கனம் என்று கணக்கிட்டால் சமப் பங்கீட்டுக்கு 0.559, இப்படி நிரப்பும் பங்கீட்டுக்கு 1.027. ஒரு வரி நிரல் கூட மாறாமல், இடம் மாற்றி வைத்ததிலேயே 46 சதவீதம் குறைவு.

படி 5: காகிதக் கணக்கைப் போர்டுக்குக் கொண்டுவாருங்கள்

அந்த 46 அப்படியே கிடைக்காது. போர்டில் அதிர்வெண்கள் படிக்கட்டு மாதிரிதான் வரும். 600, 900, 1200, 1500 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால் வேகங்கள் 0.4, 0.6, 0.8, 1.0. சுமை 0.7 உள்ள கோர் 0.8-க்கு ஏற வேண்டும். கீழே இறங்கக் கூடாது, இறங்கினால் கெடு தவறும். கசிவையும் சேர்த்து, சும்மா இருக்கும்போதும் கோர் உறங்கவில்லை என்று வைத்தால் சமப் பங்கீட்டுக்கு 0.92, நிரப்பும் பங்கீட்டுக்கு 1.304. மிச்சம் 29 சதவீதம். குறைந்தாலும், பேட்டரி ஓடும் நேரத்தில் நன்றாகத் தெரியும் அளவு.

நடுப்படி இல்லாத இடத்தில் பக்கத்துப் படிகள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். 0.7 வேண்டுமென்றால் பாதி நேரம் 0.6, பாதி நேரம் 0.8. இரண்டு படிகளுக்கு மேல் தேவையே இல்லை என்று 1998-இல் இஷிஹாரா, யசூரா என்ற ஆய்வாளர்கள் நிறுவினார்கள். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நேரம் ஆகும். அதை ஓட்ட நேரத்தோடு கூட்டாமல் விட்டுவிடாதீர்கள். மாற்றம் மெதுவாக நடக்கும் போர்டில் நான் இதைத் தொடமாட்டேன்.

கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்று, கோர்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம் உண்டா என்பது. ராஸ்பெரி பை 4-இல் நான்கு கோர்களுக்கும் ஒரே அதிர்வெண்தான். அப்படிப்பட்ட போர்டில் மிக அதிகச் சுமை உள்ள கோர் எல்லோரையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும். நிரப்பும் பங்கீட்டில் 0.3 சுமை உள்ள கோரும் வீணாக முழு வேகத்தில் ஓடும். இப்போது செலவு சமப் பங்கீட்டுக்கு 1.088, நிரப்பும் பங்கீட்டுக்கு 1.556. பொதுக் கடிகாரப் போர்டில் சமப் பங்கீட்டைத் தவிர்க்கவே முடியாது.

ஒட்ராய்டு எக்ஸ்யூ4 போல நான்கு பெரிய ஏ15 கோர்களும் நான்கு சிறிய ஏ7 கோர்களும் உள்ள போர்டில் கதை வேறு. அங்கே ஒரு பணிக்கு ஓட்ட நேரம் ஒன்று இல்லை, இரண்டு. அளவு எடுக்கும்போதே இரு வகைக் கோரிலும் எடுத்துவிடுங்கள். சிறிய கோரில் கெடுவுக்குள் முடியும் பணிகளை எல்லாம் முதலில் அங்கே வைத்து, முடியாததை மட்டும் பெரியதற்கு ஏற்றுங்கள்.

படி 6: லினக்ஸில் அமைப்பது

தெரிந்தவர்கள் கூட மாட்டிக்கொள்ளும் இடம் இது. நிகழ்நேரப் பணி என்றால் ஃபைஃபோ என்ற, நிலையான முன்னுரிமைப்படி ஓட்டும் வகுப்பில் போட வேண்டும் என்று பழகியிருப்போம். வேகத்தை, சுமையைப் பார்த்து அதிர்வெண்ணை மாற்றும் ஸ்கெட்யுட்டில் கவர்னரிடம் விட்டிருந்தால், ஃபைஃபோ பணி ஓடும்போதெல்லாம் அது இயல்பாகவே உச்ச அதிர்வெண்ணுக்குப் போய்விடும். ஏனென்றால் அந்தப் பணிக்கு எவ்வளவு நேரம் தேவை என்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தெரியாது. போட்ட பங்கீட்டுக் கணக்கெல்லாம் வீண்.

இதற்கு வழிகள் இரண்டு. பணிகளின் நேரம் அதிகம் மாறாதென்றால், ஃபைஃபோவில் ரேட் மோனோடோனிக் முன்னுரிமை கொடுத்து, யூசர்ஸ்பேஸ் கவர்னரில் கணக்கில் வந்த அதிர்வெண்ணை நிலையாகப் பூட்டிவிடுங்கள். நம் பெட்டியில் 1200, 900. பொதுக் கடிகாரமானால் 1200. எளிமையானது, நடத்தையை முன்கூட்டியே சொல்ல முடியும். பெரும்பாலான சிறு கருவிகளுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, 2014-இல் 3.14 கெர்னலில் வந்த டெட்லைன் வகுப்பு. அதில் ஓட்ட நேரம், கெடு, சுற்று நேரம் மூன்றையும் நானோவினாடியில் கொடுக்கிறோம். கெர்னல் முந்திய கெடு முதலில் என்ற விதிப்படி ஓட்டும், ஸ்கெட்யுட்டிலும் இந்தச் சுமையைப் பார்த்து அதிர்வெண் தேர்ந்தெடுக்கும். இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். இந்த வகுப்புப் பணியைச் சாதாரண முறையில் ஒரு கோரோடு கட்ட முடியாது. சிபியுசெட் என்ற லினக்ஸ் வசதியை வைத்துக் கோர்களைத் தனித்தனித் தொகுதியாகப் பிரித்த பிறகே பங்கிட முடியும். அப்புறம், கெர்னல் இயல்பாக 95 சதவீதம் வரைதான் அனுமதிக்கும். முதல் கோரை 1.0 வரை நிரப்பிய பங்கீட்டை அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

படி 7: சீக்கிரம் முடிந்த நேரத்தை வீணாக்காதீர்கள்

உருவம் தேடலுக்கு 50 ஒதுக்கியிருக்கிறோம். படத்தில் வெறும் புல்வெளி மட்டும் இருந்தால் அது 20-இலேயே முடிந்துவிடும். மிச்சம் 30 அடுத்த சுற்று வரைக்கும் சும்மா கிடக்கிறது.

2001-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பத்மநாபன் பிள்ளையும் காங் ஷின்னும் இதற்கு அழகான வழி சொன்னார்கள். பணி முடிந்தவுடன், ஒதுக்கிய நேரத்துக்குப் பதில் உண்மையில் எடுத்த நேரத்தை வைத்துச் சுமையைத் திருப்பிக் கணக்கிடு. அந்தப் பணி மறுபடி வரும்போது பழைய முழு எண்ணுக்கே திரும்பு. நம் முதல் கோரில் 0.5 இப்போது 0.2 ஆகிறது. மொத்தம் 0.7-இலிருந்து 0.4. அடுத்த சுற்று வரை 600 மெகாஹெர்ட்ஸ் போதும். முந்திய கெடு முதலில் என்ற விதியில் ஓட்டினால் கெடு உத்தரவாதம் ஒரு துளியும் குறையவில்லை. இப்படிப்பட்ட முறைகளால் 20 முதல் 40 சதவீதம் வரை ஆற்றல் குறைக்கலாம் என்று சொன்னார்கள். லினக்ஸ் லேப்டாப் ஒன்றில் செய்து அளந்தும் காட்டினார்கள். ஆனால் இது ஓடும் போதே அதிர்வெண்ணை மாற்றுவதால், பொதுக் கடிகாரப் போர்டில் லாபம் குறையும். முதல் கோர் 0.4-க்கு இறங்கினாலும் இரண்டாவது 0.6 கேட்டால் இருவருக்கும் 0.6தான்.

படி 8: எப்போது உறங்க விடுவது

இதுவரை சமப் பங்கீட்டைப் புகழ்ந்தேன். சுமை மிகக் குறைவாக இருக்கும்போது அது மாறலாம். இரவில் கேமராவை அணைத்து, உருவம் தேடலையும் நிறுத்திவிட்டதால் மொத்தச் சுமை 0.5 என்று வையுங்கள். சமமாகப் பிரித்தால் கோருக்கு 0.25. இரண்டுமே மலிவு வேகத்துக்குக் கீழே, ஆகவே 0.4-இல் ஓட்டுவோம். இடைவெளிகளில் உறங்காவிட்டால் செலவு 0.336. எல்லாவற்றையும் ஒரே கோருக்கு மாற்றி 0.6-இல் ஓட்டி, மற்றதை முழுதாக அணைத்தால் 0.308. இங்கே குவிப்பதே மலிவு. இடைவெளிகளில் உண்மையிலேயே செலவில்லாமல் உறங்க முடிந்தால் பிரித்து வைப்பது 0.24-க்கு வந்துவிடும். ஆக எல்லாம் தூக்கத்தின் விலையைப் பொறுத்தது.

அந்த விலையை லினக்ஸே சொல்கிறது. ஒவ்வொரு தூக்க நிலைக்கும், விழிக்க எத்தனை மைக்ரோவினாடி ஆகும், குறைந்தது எவ்வளவு நேரம் உறங்கினால் லாபம் என்ற இரண்டு எண்களைக் கெர்னல் காட்டும். விழிக்கும் நேரத்தைப் பணிகளின் ஓட்ட நேரத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை வரும் சென்சார் வாசிப்பு இருக்கும் கோர் ஒரே மூச்சில் நீண்ட நேரம் உறங்க முடியாது என்பதையும் கவனியுங்கள். அடிக்கடி வரும் சிறு பணிகளை ஒரே கோரில் கூட்டி வைத்து, மற்ற கோருக்கு நீண்ட தூக்கம் கொடுப்பது பல சமயம் நல்லது.

படி 9: சரிபார்ப்பு

சுற்று நேரங்களின் மீச்சிறு பொது மடங்கை எடுங்கள். நமக்கு 400 மில்லிவினாடி. அதற்குப் பிறகு எல்லாம் திரும்ப அப்படியே நடக்கும் என்பதால் ஆற்றலை 400-இன் மடங்குகளில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். முழு போர்டையும் அளங்கள். செயலியில் 29 சதவீதம் மிச்சமானாலும் கேமராவும் ரேடியோவும் பெரும்பங்கு தின்றால் பேட்டரிக்கு அது சில சதவீதமாகவே தெரியும். அப்போது அடுத்து கவனிக்க வேண்டியது அவற்றைத்தான்.

கடைசியாக வெப்பம். மூடிய பெட்டி, மதிய வெயில். ராஸ்பெரி பை 4 போன்ற போர்டுகள் 80 டிகிரியைத் தாண்டினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் 1200 என்று கணக்குப் போட்டிருக்க, போர்டு நம்மைக் கேட்காமலே அதற்குக் கீழே போய்விட்டால் கெடு தவறும். அதனால் சோதனையை மேசையில், மின்விசிறி காற்றில் செய்யாதீர்கள். பெட்டியை மூடி, உச்சி வெயிலில் வைத்து, எல்லாப் பணிகளும் அதிகபட்ச நேரம் எடுக்கும்படி படங்களைக் கொடுத்து, ஒரு முழு நாள் ஓட்டுங்கள். தவறிய கெடுக்களை எண்ணும் ஒரு எண்ணி நிரலுக்குள்ளேயே இருக்கட்டும். மாலையில் அதைத் திறந்து பார்க்கும்போது பூச்சியம் இருந்தால் கம்பத்தில் ஏற்றலாம். ஒன்று இருந்தாலும் படி 1-க்குத் திரும்பி, அந்தப் பணியின் ஓட்ட நேரத்தை மறுபடி அளங்கள்.